மூலத்தைத் தொடாத வழி

2017 செப்டம்பரில் வந்த கோப்ரோ ஹீரோ6 பிளாக் கேமரா, நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் 4கே காட்சியை எச்.264-ஐ விட்டுவிட்டு எச்.265 கோடெக்கில் பதிவு செய்தது. அதே தரத்துக்கு ஏறக்குறையப் பாதி பிட்ரேட் போதும் என்பதால் மெமரி கார்டுக்கு லாபம்; சுமை முழுவதும் கம்ப்யூட்டரின் தலையில் விழுந்தது. பெரும்பாலான ஃபிரேம்கள் அக்கம்பக்கத்து ஃபிரேம்களிலிருந்து மாறுபடும் விவரங்களாக மட்டுமே பதிவாகின்றன. டைம்லைனில் ஒரே ஒரு ஃபிரேம் பின்னால் போனாலும், முழுப் படமாகப் பதிவான முந்தைய ஃபிரேமைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே வரவேண்டும். எச்.265-ஐ வன்பொருளிலேயே விரிக்கும் இன்டெலின் 6-ஆம் தலைமுறைப் பிராசஸர் வைத்திருப்பவர் தப்பித்தார் என்று பார்த்தால், 2022-இல் ஹீரோ11 கொண்டுவந்த 10-பிட் வண்ணத்துக்கு 7-ஆம் தலைமுறை தேவைப்படுகிறது.

பலரும் முதலில் செய்வது, எல்லாவற்றையும் எச்.264-க்கு மாற்றிவிட்டு மூலத்தை அழிப்பது. எனக்குச் சிறிதும் உடன்பாடில்லாத பழக்கம் இது. ஏற்கெனவே பிழிந்த காட்சியை இரண்டாம் முறை பிழிகிறோம். வானத்தின் மெல்லிய நிறமாற்றம் பட்டை பட்டையாக உடைவதும், 10-பிட் 8-பிட்டாகச் சுருங்குவதும் கண்ணுக்குத் தெரியும் இழப்புகள். தெரியாத இழப்பு ஒன்று உண்டு: கோப்ரோ காட்சியோடு சேர்த்து எழுதும் கைரோ, ஜிபிஎஸ் தரவு பல கன்வர்ட்டர்களில் உதிர்ந்துபோகிறது. பிறகு அந்தத் தரவை வைத்து ஆட்டத்தைச் சரிசெய்ய வழியில்லை.

புரோரெஸ் போன்ற இடைநிலைக் கோடெக் நேர்மையானது, ஆனால் பெரும்பசிக்காரன். நொடிக்கு 30 ஃபிரேம் 4கே காட்சி புரோரெஸ் 422-இல் நிமிடத்துக்கு 4 ஜிபியைத் தாண்டும். எச்.265-ஐத் திறக்கவே தெரியாத பழைய மென்பொருளுக்கு வேறு வழியில்லை. அங்கே இந்தச் செலவு நியாயம்.

மற்ற எல்லோருக்கும் ப்ராக்ஸிதான் என் தேர்வு. சிறிய பிரதியில் வெட்டித் தொகுத்து, ரெண்டரின்போது மூலத்துக்குத் திரும்புவது. அடோபி பிரீமியர் 2016-லேயே இதற்கு இடம் கொடுத்துவிட்டது. கார்டில் எல்ஆர்வி என்ற நீட்சியோடு கிடக்கும் ஃபைல்களைக் குப்பையென்று அழித்துவிடாதீர்கள். கேமராவே தயாரித்த சிறிய பிரதி அது. பெயரின் கடைசியை எம்பி4 என்று மாற்றினால் ப்ராக்ஸியாக இணைத்துப் பார்க்கலாம். ஃபிரேம் வேகமும் ஆடியோ சேனல்களும் மூலத்தோடு ஒத்துப்போகவேண்டும், இல்லையென்றால் மென்பொருள் ஏற்காது, அல்லது வெட்டிய இடம் நழுவும். அப்போது எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் கொண்டு ப்ராக்ஸியை நாமே தயாரிப்பதுதான் சரி.

குறை இதிலும் உண்டு. ஃபோகஸ் கூர்மையாக இருக்கிறதா என்பதைச் சிறிய பிரதியில் கணிக்க முடியாது. வண்ணத் திருத்தத்தையும் மூலத்தில் பார்த்துத்தான் முடிக்கவேண்டும். கடைசி ரெண்டருக்குப் பழைய கணினி இரவெல்லாம் ஓடலாம்.

ஹீரோ7, ஹீரோ8 வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடும் தேவைப்படாமல் போகலாம். வீடியோ கம்ப்ரஷன் அமைப்பில் எச்.264-ஐயும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால், 30 ஃபிரேம் 4கே அந்தப் பழைய கோடெக்கிலேயே பதிவாகும். படப்பிடிப்புக்குக் கிளம்பும் முன்பே செய்யவேண்டிய வேலை இது.