சென்னை முறையும் அதன் கட்டடமும்

கல்வி வரலாற்று நூல்களில் 'சென்னை முறை' ஒரு கற்பித்தல் முறையாக மட்டுமே பேசப்படுகிறது. 1789இல் சென்னையில் படைவீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அனாதைப் பள்ளியின் பொறுப்பாளர் ஆண்ட்ரூ பெல். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மாணவர்களே மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் செய்தார். 1797இல் அதை இலண்டனில் நூலாக வெளியிட்டார். பி.எட். படித்தபோது நாங்கள் மனப்பாடம் செய்தது இவ்வளவுதான். அந்த முறைக்காக எழுந்த கட்டடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

திண்ணைப் பள்ளிக்குத் தனிக் கட்டடம் கிடையாது. வாத்தியார், சட்டாம்பிள்ளை, சில பிள்ளைகள், எதிரே தெரு. இலண்டனில் சதர்க் பகுதியில் 1798இல் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரின் கையில் சட்டாம்பிள்ளைக்கு ஒரு பெரும் கூடம் அமைந்தது. பள்ளிக் கட்டடம் பற்றி 1809இல் அவர் ஒரு சிறுநூலே எழுதினார். ஒரே நீள்சதுர அறை. முன்னால் உயர்ந்த மேடையில் ஒரே ஆசிரியர். அவரை நோக்கி வரிசையாக நீண்ட பலகைகள். கடைசி வரிசையும் அவர் கண்ணில் படும்படி பின்னோக்கி உயரும் தரை. இம்முறைப் பள்ளிகளில் சன்னல்களைத் தரையிலிருந்து ஆறடிக்கு மேல் வைத்தார்கள். கீழ்ச்சுவர் பாட அட்டைகள் தொங்கவிடத் தேவைப்பட்டது. பிள்ளைக்கு வானம் தெரியும், தெரு தெரியாது. (நான் பணியாற்றிய பள்ளி ஒன்றிலும் சன்னல் அப்படித்தான் இருந்தது, காற்றுக்காக என்றே நினைத்திருந்தேன்.) பெல் வகைப் பள்ளியில் பலகைகள் சுவரோரம் போயின, பிள்ளைகள் நடுவில் நின்று படித்தார்கள். கணக்கு மட்டும் ஒன்றே: நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரு சம்பளம்.

இதை வைத்துத் திண்ணையைப் புகழ்ந்து, கூடத்தைத் தொழிற்சாலை என்று ஒதுக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. திண்ணை ஒருவர் வீட்டைச் சேர்ந்தது. அந்த வீடு ஒரு தெருவைச் சேர்ந்தது. அந்தத் தெருவுக்குள் நடக்கவே உரிமை இல்லாதவரின் பிள்ளை திண்ணையில் எப்படி ஏறும்? பள்ளிக்கென்று தனி வாசல் இருந்தால்தான் அந்த வாசலில் நின்று இடம் கேட்கவாவது முடியும். கண்காணிப்பை மட்டும் பார்க்கும் விமர்சகர்கள் இந்த வாசலைக் கவனிப்பதில்லை.

இங்கிலாந்தின் ஹிச்சின் நகரில் 1837இல் 300 சிறுவர்களுக்காகக் கட்டிய இத்தகைய கூடம் ஒன்று இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின் இலண்டனில் பள்ளிகள் கட்டிய ஈ. ஆர். ராப்சன் காலத்தில் தனித்தனி வகுப்பறைகள் மெல்ல இடம்பிடித்தன. சன்னல் அப்போதும் கீழே இறங்கவில்லை.