கட்டத்துக்குள் கவி

யாழ்ப்பாணத்து உடுவிலில் ஞாயிறு பேப்பர் வந்தால் நண்பர்கள் நாங்கள் மூவரும் முதலில் திருப்புவது குறுக்கெழுத்துப் பக்கத்தைத்தான். விடை கண்டவர் அதோடு பேனாவை மூடிவிட முடியாது. அந்தச் சொல்லைப் பாட்டில் ஒளித்து, மற்ற இருவருக்கும் நொடி போட வேண்டும். போன கிழமை நண்பன் ஒருவன் அனுப்பியது:

கிணற்றில் குனிந்து தண்ணீர் அள்ளும்,
வணிகர் கையில் நீதி சொல்லும்;
இரண்டே எழுத்து, சொல்லு மச்சான்!

துலா! கிணற்றுத் துலாவும் தராசும் ஒரு சொல்லில் அமர்ந்த சிலேடை, எதுகையும் தவறவில்லை. அன்று முழுக்க அதையே முணுமுணுத்தேன். வயாவிளான் ஆசுகவி கல்லடி வேலுப்பிள்ளை (1860–1944) நினைத்தவுடன் பாடிய மண்ணல்லவா! எழுத்துகளோடு விளையாடுவது, திருப்பி வாசித்தாலும் மாறாத சம்பந்தரின் திருமாலைமாற்றிலேயே உண்டு. வருகிற ஞாயிறு நீங்களும் ஒரு விடைக்குப் பாட்டுக் கட்டிப் பாருங்கோ.