கால்களுக்கான பாட்டு

எங்கள் மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞரைப் பற்றிப் பள்ளியில் எனக்குச் சொல்லித்தந்தது ஒரே பாட்டு: 1930 உப்புச் சத்தியாக்கிரக யாத்திரைக்கு அவர் எழுதிய நடைப்பாட்டு. அவர் தேர்ந்த ஓவியர் என்பது எனக்குத் தெரியவர வெகுகாலமாயிற்று. அமெரிக்க நடனக்காரர் டோனி பேஸில் விஷயத்திலும் இதுவே நடந்திருக்கிறது.

தெருவில் முளைத்த 'லாக்கிங்' ஆட்டத்தைக் கண்டெடுத்த டான் காம்ப்பெல்லுடன் சேர்ந்து, 1970களின் தொடக்கத்தில் 'லாக்கர்ஸ்' குழுவை அமைத்து, அதை மேடைக்குக் கொண்டுவந்தவர் பேஸில். 1974இல் டேவிட் போவியின் 'டயமண்ட் டாக்ஸ்' இசைப் பயணத்துக்கு நடனம் அமைத்தார். ஆனால் இன்று அவர் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது 'மிக்கி' என்ற பாட்டு. 1982 டிசம்பரில் அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஒரு வாரம் முதலிடத்தில் இருந்தது. பிறகு வந்த எதுவும் அந்த அளவுக்கு எடுபடவில்லை. ஒரே பாட்டோடு தீர்ந்துபோனவர் என்று எழுதி மூடிவிட்டார்கள்.

வெறும் இசையாகக் கேட்டால் பாட்டு மெலிந்ததுதான், மறுப்பதற்கில்லை. மெட்டும் அவருடையதல்ல. 1979இல் 'ரேஸி' என்ற இங்கிலாந்துக் குழு 'கிட்டி' என்று பாடியது அது. பேஸில் பெண் பெயரை ஆண் பெயராக்கினார். தொடக்கத்தில் ஒரு கோஷத்தைச் சேர்த்தார். அந்தக் கோஷத்தில்தான் விஷயம் இருக்கிறது. பள்ளி விளையாட்டுத் திடலில் தன் அணிக்காகத் துள்ளிக் குதித்துக் குரல் கொடுத்த பெண் அவர். காலும் கையும் முந்தி, தொண்டை பிந்தி. அவரே இயக்கிய வீடியோவில் அந்தப் பழைய சீருடையைப் போட்டுக்கொண்டு ஆடுகிறார். அதைப் பார்த்த பிறகே தாளம் எங்கிருந்து பிறக்கிறது என்று எனக்குப் பிடிபட்டது. ஆட்டத்தை விட்டுவிட்டுப் பாட வந்தவரல்ல அவர்; தொண்டையாலும் ஆடியவர்.

இசைத்தட்டு விற்றால் கணக்கு இருக்கிறது. ஆட்டம் பிறருடைய உடம்புகளுக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பேரேடு கிடையாது. அவருடைய வெற்றியைச் சொற்பம் என்பவர்கள் தங்கள் அளவுகோலின் சொற்பத்தைத்தான் சொல்கிறார்கள். எழுபது வயதைக் கடந்த பிறகும், 2019இல் வெளிவந்த டரண்டினோ படம் ஒன்றுக்கு அவர் நடனம் அமைத்தார். தீர்ந்துபோனவர் செய்கிற காரியமா இது?

கவிஞரின் நடைப்பாட்டும் திருச்சியிலிருந்து வேதாரண்யம்வரை நடந்த கால்களுக்காக உண்டானதுதான். வகுப்பில் நாங்கள் அதை உட்கார்ந்தபடி பாடினோம்.