கிஞோல் பொம்மையும் குழந்தைகளின் குரலும்

பிரெஞ்சு தேசத்துச் சிறுவர் உலகில் கிஞோல் என்னும் கைப்பொம்மைக்குள்ள செல்வாக்கு பெரிது. பட்டு நெசவுக்குப் பேர்போன லியோன் நகரில், ஏறக்குறைய 1808-ஆம் ஆண்டிற் பிறந்த இப்பொம்மை, இருநூறாண்டு கடந்தும் முதுமை எய்தவில்லை. பழுப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, பிடரியில் ஒரு சிறு சடை, கையில் ஒரு தடி: இவ்வளவே அதன் ஆஸ்தி. சினிமாவும் தொலைக்காட்சியும் வந்த பின்னும் அது நிலைத்து நிற்பதன் காரணம் யாது?

தடியே காரணம் என்பர் சிலர். போலீஸ்காரன் முதுகில் விழும் அடியைக் கண்டு குழந்தைகள் கைகொட்டிச் சிரிப்பது உண்மையே. ஆயின், அடியில் மட்டுமே இன்பம் உளதெனின், எந்தப் பொம்மைக்கும் ஒரு தடி கொடுத்தாற் போதுமன்றோ? காரணத்தை வேறிடத்திற் காண்டல் வேண்டும்.

இதனை ஆக்கிய லோரான் மூர்கே (1769–1844) நெசவாளர் குடியிற் பிறந்தவர். புரட்சிக்குப்பின் பட்டுத் தொழில் நலியவே, ஊர் சுற்றிச் சரக்கு விற்றார். பின்னர்ச் சந்தைகளிற் பல் பிடுங்கினார். பல் பிடுங்குதற்குக் கூலியில்லை. அதன்பின் விற்கும் மருந்தினாலேயே வரும்படி. கூட்டம் சேர்க்கவே பொம்மையாட்டத் தொடங்கி, நாளடைவில் அதனையே தொழிலாகக் கொண்டார்.

அவர் எழுதப் படிக்க அறியாதவர். ஆகவே ஏட்டைப் பார்த்து ஆட்டுவிக்க இயலாது. எதிரே நின்றார் முகத்தைப் பார்த்தும், அன்றைய ஊர்ச்செய்தியைக் கேட்டும் வசனம் அமைத்தார். வாடகை கொடுக்க வழியற்ற கிஞோல் தன் தட்டுமுட்டுச் சாமான்களை இரவோடிரவாகக் கடத்தும் கதை, பார்த்திருந்த ஏழைகளின் சொந்தக் கதையே. 1831-லும் 1834-லும் கிளர்ந்தெழுந்தவர்கள் அந்நகரத்து நெசவாளர்கள் என்பதை நினைவிற் கொள்க.

அரசினர் வாளாவிருப்பரோ? 1852-ல், நாடக வசனங்களை முன்னரே எழுதிக் காட்டி அனுமதி பெறல் வேண்டுமெனத் தணிக்கை வந்தது. 1865-ல் ஒனோஃப்ரியோ என்னும் நீதிபதி ஒருவரே இக்கதைகளைத் தொகுத்து அச்சிட்டார். அவரால் கதைகள் பிழைத்தன, காரம் குறைந்தது. காலப்போக்கில் கிஞோல் பூங்காக்களுக்குச் சென்று சிறுவர்க்கு உரியதாயிற்று. இதனை வீழ்ச்சியென்று வருந்துவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை.

ஆட்டம் நடைபெறுவதைப் பாருங்கள். போலீஸ்காரன் பின்னால் பதுங்கி வருகிறான். கிஞோல் அறியான். "பின்னால் பார்! பின்னால் பார்!" என்று நூறு குழந்தைகள் கூவுகின்றனர். அவன் வேறு பக்கம் திரும்பி விழிக்கிறான், கூச்சல் இருமடங்காகிறது. வீட்டில் வாயை மூடு என்றும், பள்ளியிற் கேட்டாலன்றிப் பேசாதே என்றும் அடக்கப்பெற்ற குழந்தை, இங்கே விஷயம் அறிந்தவனாகிறது. அதன் சொல் இன்றிக் கதை நகராது. நெசவாளருக்கு மூர்கே செவி சாய்த்தார். அச்செவி இன்று குழந்தைக்குச் சாய்ந்திருக்கிறது. வசனத்தை எழுதி வாங்கிய தணிக்கை அதிகாரிகள், இக்கூச்சலை எந்தத் தாளில் எழுதி வாங்குவர்?

நிற்க. சிறுவர்க்கென நாடகமும் படமும் ஆக்குவோர் இதினின்று கற்கவேண்டியது ஒன்றுண்டு. குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்து நீதி புகட்டுவதே தொண்டென அவர்களிற் பலர் எண்ணுகின்றனர். குழந்தை நன்மை தீமையை அறியும். தான் அறிந்ததைச் சொல்ல இடமில்லாமையே அதன் குறை. கிஞோலின் தடியை மட்டும் எடுத்துக்கொண்டு, அவன் வறுமையையும் காதையும் விட்டுவிடும் ஆட்டம் வெறும் அமளியாய் முடியும். குழந்தையின் சொல்லுக்குக் காத்திருக்கும் பொம்மையையே அடுத்த தலைமுறையும் தேடி வரும்.