பாட்டியற்றலும் பாடுதலும்

இசைவாணன் தான் பாடும் பாட்டைத் தானே இயற்றுதல் வேண்டும். பிறர் பாட்டைப் பாடுவோன் இரவற் குரலினனே என்பர் ஒரு சாரார். இக்கொள்கைக்குத் திருத்தணிகையே சான்றாகும் எனவும் அவர் கூறுதல் கூடும். 1835-இல் இறைவனடி சேர்ந்த முத்துசுவாமி தீட்சிதர் இம்மலையிலேதான் முதன்முதற் பாடத் தொடங்கினார். முதியவர் வடிவில் எழுந்தருளிய முருகப்பெருமான் வாயிற் கற்கண்டிட, 'ஸ்ரீநாதாதி' எனத் தொடங்கும் கீர்த்தனம் மாயாமாளவகௌளையிற் பிறந்தது என்பது வழிவழி வரலாறு.

இவ்வரலாறு அவர் கொள்கைக்குத் துணையாவதின்று. அருள் பெற்றார் பாடினார் என்பதே இதனாற் பெறப்படும். பெறாதார் இயற்றியே தீரல் வேண்டும் என்பது பெறப்படாது. தீட்சிதரும் தம் கீர்த்தனங்களில் தம் பெயரைப் பொறியாது 'குருகுஹ' என ஆண்டவன் பெயரையே முத்திரையாக வைத்தார். அவற்றை மாணாக்கர் பாடிக் காத்தமையாலும், அவர் மரபினராகிய சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் சுரக்குறிப்புடன் அச்சேற்றியமையாலுமே அவை இன்று நமக்குக் கிடைத்தன.

திருத்தொண்டத்தொகையை நோக்குக. ஆனாய நாயனார் பாட்டொன்றும் இயற்றினாரல்லர்; ஐந்தெழுத்தையே குழலில் வாசித்துப் பேறு பெற்றார். திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் ஞானசம்பந்தப் பிள்ளையாரின் பதிகங்களை யாழிலிட்டு வாசித்தார். தருமபுரத்தில் அவர்தம் சுற்றத்தார், யாழாற்றான் பதிகம் பரவிற்றெனச் செருக்கிக் கூற, நாயனார் அஞ்சி, யாழில் அடங்காததொரு பதிகம் பாடியருளுமாறு பிள்ளையாரை வேண்டினார் எனச் சேக்கிழார் உரைப்பர். கலைஞரின் பெருமை தன்முனைப்பு அறுதலில் உளதென்பதற்கு இதனினும் சிறந்த சான்று யாது?

பிள்ளையார் தம் பெயரைத் திருக்கடைக்காப்பில் வைத்தனரே எனின், அத்திருக்கடைக்காப்புப் பயன் கூறுவது பெரும்பாலும் அப்பதிகத்தை ஓத வல்லார்க்கேயாம். இயற்றியவரே பிறர் பாடுதற்கென்று வழங்கிய பொருளைப் பாடுவோனை இரவலன் என்பது எங்ஙனம் பொருந்தும்? இராசராச சோழனும் தஞ்சைப் பெருங்கோயிலில் நிவந்தமளித்தது திருப்பதியம் விண்ணப்பம் செய்வார் 48 பேர்க்கும், உடன் முழக்கும் இருவர்க்குமேயாம். புதுப்பாட்டு இயற்றுமாறு அவர்களை ஏவிற்றிலன். மறைந்திருந்த திருமுறைக்குப் பண் வகுத்தவர், திருஎருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபிற் பிறந்த பெண்மணியார் எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். பிறர் சொல்லுக்கு உயிரளித்த அவர் தொண்டு சிறியதோ?

இதனாற் பாடுவோர்க்குக் கடமையே இல்லை என்று கொள்ளற்க. அருணகிரிநாதர் தணிகைமேற் பாடிய திருப்புகழ் பலவற்றின் பழைய இசை வழக்கொழிந்தது, சந்தமே எஞ்சியது. அதற்கு இசை அமைப்போன் சந்தம் சிதையாமலும், சீரின்பொருட்டுச் சொல்லைப் பிளந்து பொருளைக் கெடுக்காமலும் அமைத்தல் வேண்டும். பொருளுணராது தாளத்தை மட்டும் ஓட்டுவோன், தானே இயற்றிய பாட்டைப் பாடினும் குற்றமுடையவனே. ஆராய வேண்டுவது பாட்டு எவருடையது என்பதன்று. பாடுவோன் அதனுள் நின்றானா என்பதே.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது சித்தாந்தம். பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைக் காட்டுமாறு போல, அருட்பாடலைச் சார்ந்த உயிரும் அவ்வருளின் வண்ணமாதல் கூடும். அவ்வழி, 'என் பாட்டு' என்னும் வேட்கை யான் எனது என்னும் செருக்காய்த் தடை செய்தலும் உண்டு.

டிசம்பர் 31-ஆம் நாள் தணிகையில் நிகழும் படித்திருவிழாவில், வள்ளிமலைச் சுவாமிகள் காட்டிய நெறியில், 365 படிகளிலும் திருப்புகழ் பாடி அன்பர் ஏறுகின்றனர். அவருள் ஒருவரும் அப்பாடல்களை இயற்றினாரல்லர். எனினும், ஒவ்வொரு படியிலும் அவை அவர்களுடையனவே ஆகின்றன.