ஏழாம் வீட்டில் சந்திரன், என் காதில் கொண்டாட்டம்

இந்தப் பாட்டைப் பற்றி நிதானமாகப் பேச எனக்கு வராது. ஃபிஃப்த் டைமென்ஷன் குழு 1969-இல் பாடிய 'அக்வேரியஸ்/லெட் த சன்ஷைன் இன்'. முழுசாக ஐந்து நிமிஷம்கூட இல்லை. கேட்டு முடித்ததும் யாரையாவது பிடித்து உட்கார வைத்து, "இதைக் கேளுங்க, கேட்டுட்டுப் போங்க" என்று நச்சரிக்கிறேன்.

ஜாதகம் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் தனி ருசி. பாட்டின்படி சந்திரன் ஏழாம் வீட்டில் இருப்பதும் குருவும் செவ்வாயும் சேருவதும் நல்ல காலத்துக்கு அறிகுறியாம். கும்ப யுகம் பிறக்கிறதாம். நம்மூர் ஜோசியர் சிரித்துவிடுவார். லக்னம் சுழலச் சுழல, சந்திரன் தினமும் சுமார் 2 மணி நேரம் ஏழாம் வீட்டில்தான் இருக்கிறது. குரு செவ்வாய் சேர்க்கையும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து போவதுதான். அதற்கெல்லாம் அமைதி வருமென்றால் வியட்நாம் போர் எப்போதோ நின்றிருக்க வேண்டுமே!

கும்ப யுகம் மட்டும் வெறும் கதையில்லை. பூமியின் அச்சு பம்பரம்போலத் தள்ளாடி, ஏறக்குறைய 26,000 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. அதனால் மார்ச் மாதச் சம இரவு நாளில் சூரியன் நிற்கும் இடம் பின்னோக்கி நகர்கிறது: மேஷம், மீனம், அடுத்து கும்பம். நம் பஞ்சாங்கத்தில் அயனாம்சம் என்று வருவதும் இந்தக் கணக்குதான்.

ஆனால் என்னை உலுக்கியது பாட்டின் இரண்டாம் பாதி. இந்தப் பாட்டு 'ஹேர்' என்ற இசை நாடகத்திலிருந்து வந்தது. 1967-இல் நியூயார்க்கில் அரங்கேறி, மறு வருஷம் பிராட்வேக்குப் போனது. ஜேம்ஸ் ராடோவும் ஜெரோம் ராக்னியும் எழுத, கால்ட் மெக்டெர்மாட் இசையமைத்தார். கும்ப யுகத்தை வரவேற்கும் பாட்டு நாடகத்தின் தொடக்கத்தில் வரும். சூரிய ஒளியைக் கேட்டுக் கெஞ்சும் பாட்டு கடைசியில், ராணுவத்துக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட க்ளாட் என்ற பையன் செத்த பிறகு. அது ஒப்பாரி! தயாரிப்பாளர் போன்ஸ் ஹோவ் இந்த இரண்டு முனைகளையும் ஒட்டினார். நடுவிலிருந்த சாவு இசைத்தட்டில் இல்லை. அது தெரிந்த பிறகு அந்தக் குதூகலத்துக்கு அடியில் எனக்கு வேறொன்றும் கேட்கிறது.

ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். முதல் பாதி மூடுபனிபோல மிதக்கும். திடீரென்று தாளம் மாறும். ஹால் பிளேனின் டிரம்ஸ் நெஞ்சில் இறங்கும். கோரஸ் திரும்பத் திரும்ப அதே வரியைப் பாட, குழுவின் பில்லி டேவிஸ் தேவாலயத்தில் அருள் வந்தவரைப்போல மேலே ஏறிக் கத்துவார். அந்த இடத்தில் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கிறது. இத்தனைக்கும் அவர் ஒரு டாக்ஸியில் பர்ஸைத் தொலைத்திராவிட்டால் இந்தப் பாட்டே இவர்களிடம் வந்திருக்காது. பர்ஸைத் திருப்பிக் கொடுத்தவர் 'ஹேர்' நாடகத்தோடு தொடர்புள்ளவர். நாடகம் பார்க்க வரச் சொன்னார். போனவர்கள் பாட்டோடு திரும்பினார்கள். அமெரிக்காவில் 6 வாரம் முதலிடம், கிராமி விருது வேறு.

'சம்மர் ஆஃப் சோல்' ஆவணப்படம் 2021-இல் வந்தது. 1969-இல் ஹார்லெமில் தாங்கள் பாடியதை, குழுவின் பாடகி மெரிலின் மெக்கூவும் பில்லி டேவிஸும், கணவன் மனைவியாக, முதுமையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பாட்டைக் கேட்ட கையோடு அதையும் பார்த்துவிடுங்கள். பிறகு எனக்குப் போன் பண்ணுங்கள், எத்தனை மணியானாலும் பரவாயில்லை.