பதில் எங்கே சொல்வது?

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயிலும் ரயில் ஜங்ஷனும் பீங்கானும் நினைவுக்கு வரும். நாவல் படிப்பவர்களுக்கு இந்த ஊரை நினைக்க வேறு காரணம் உண்டு. இமையம் வசிப்பது இங்கேதான். கண்மணி குணசேகரனின் மணக்கொல்லை பக்கத்திலேயே இருக்கிறது. இன்னும் சற்றுக் கிழக்கே போனால் வள்ளலாரின் வடலூர். அதையும் தாண்டிக் கடலூருக்குள் நுழைந்தால் புதுமைப்பித்தன் பிறந்த திருப்பாதிரிப்புலியூரும் ஜெயகாந்தன் பிறந்த மஞ்சக்குப்பமும் அடுத்தடுத்து. புதுமைப்பித்தனின் இயற்பெயரே சொ. விருத்தாசலம்.

ஒரே மாவட்டத்தைச் சேர்ந்த இவர்களுக்குள் ஓர் ஒற்றுமை இருக்கிறது. அத்தனை பேரும் எழுதியதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். வாசகர் ஒரு நட்சத்திரம் கொடுத்தாலோ, முகநூலில் நாலு பேர் கூடித் திட்டினாலோ எழுத்தாளர் என்ன செய்யவேண்டும் என்ற கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. ‘படிக்காதே, பதில் சொல்லாதே’ என்பதுதான் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை. இந்த வட்டாரத்தின் நூற்றைம்பது ஆண்டு அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. இங்கே பெரும்பாலும் பதில் சொல்லியிருக்கிறார்கள். எந்த இடத்தில் சொன்னார்கள் என்பதைப் பொறுத்தே அந்தப் பதில் நின்றது, அல்லது வீணானது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கழித்துவிடலாம். இணையம் வந்த பிறகுதான் நம் ஆட்களுக்கு நாக்கு நீண்டது என்று பலர் நம்புகிறார்கள். 1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியார் வள்ளலாரின் திருவருட்பாவைப் பதிப்பித்தார். வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவரின் பாடலுக்கு ‘அருட்பா’ என்ற பெயரா என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தரப்பு எதிர்த்தது. விவகாரம் 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை போனது. வள்ளலார் மறைந்தது 1874-இல், நாவலர் மறைந்தது 1879-இல். சண்டை மட்டும் சாகவில்லை. இருபதாம் நூற்றாண்டில் கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கமும் செய்குத்தம்பிப் பாவலர் மறுபக்கமும் நின்று அதைத் தொடர்ந்தார்கள். ஆய்வாளர் ப. சரவணன் அந்தக் கண்டன நூல்களைத் திரட்டித் தந்திருக்கிறார். அவற்றின் மொழியைப் பார்த்தால் இன்றைய பின்னூட்டக்காரர்கள் கொஞ்சம் மரியாதைக்காரர்கள் என்றே தோன்றும். காகிதம் வாங்கி, அச்சுக்கூலி கொடுத்து, மெய்ப்புப் பார்த்துத் திட்டியிருக்கிறார்கள்.

அந்தப் போரில் வள்ளலார் பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தார். எழுதியவர்கள் சீடர்கள். இன்று வடலூரில் வள்ளலாரின் சத்திய ஞான சபைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த மறுப்பு நூல்களின் பெயர் தெரியும்? பாட்டு மட்டும் நிற்கிறது.

புதுமைப்பித்தன் ஒதுங்குகிற ஆள் இல்லை. ‘ரசமட்டம்’ என்ற பெயரில் பிறரை அளந்து பார்த்தவர், தன்னை அளக்க வந்தவர்களையும் விடவில்லை. அவருடைய சண்டைகளில் பலவற்றை இப்போது ஆராய்ச்சி மாணவர்கள் மட்டுமே தேடிப் படிக்கிறார்கள். ‘சாப விமோசனம்’ கதையின் தலைப்புக்குக் கீழே அவர் வைத்த குறிப்பு அப்படியல்ல. இராமாயணம் அறிந்தவர்களுக்கு இது பிடிபடாமலோ பிடிக்காமலோ போகலாம், அதைத் தான் பொருட்படுத்தவில்லை என்பது அதன் சாரம். கதை எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் அதுவும் கூடவே போகிறது. எதிர்ப்பு வருவதற்கு முன்பே சொன்ன பதில். மன்னிப்பும் இல்லை, வீம்பு பேசும் நீண்ட விளக்கமும் இல்லை. 2014-இல் சென்னைப் பல்கலைக்கழகம் ‘துன்பக்கேணி’யையும் ‘பொன்னகர’த்தையும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியபோது பதில் சொல்ல அவர் இல்லை. வாசகர்களும் எழுத்தாளர்களும்தான் அவருக்காக வாதாடினார்கள்.

ஜெயகாந்தனின் விஷயம் இதைவிடச் சுவையானது. 1966-இல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தது. மழை நாளில் ஒருவனின் காரில் ஏறிச் சீரழிந்து வீடு திரும்பும் கல்லூரிப் பெண்ணின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். ஊர் பற்றிக்கொண்டது. கடிதங்கள் குவிந்தன. கதையின் முடிவை மாற்றி எழுதிக் காட்டிய எழுத்தாளர்களும் உண்டு. ஜெயகாந்தனுக்குப் பதில் சொல்லத் தெரியாதா என்ன? மேடையில் கர்ஜிக்கவும் முன்னுரையில் வரிக்கு வரி வாதாடவும் அவரைப்போல் ஆள் இல்லை. ஆனாலும் இதற்கு அவர் கொடுத்த உண்மையான பதில் ஒரு நாவல். அந்தத் தாய் தண்ணீர் ஊற்றாமல் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்வு என்ன ஆகியிருக்கும் என்று எழுதினார். எதிர்த்தவர்கள் விரும்பிய முடிவையே எடுத்துக்கொண்டு, அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காட்டிவிட்டார். போதாக்குறைக்கு, அந்த நாவலின் கங்கா ஒரு பத்திரிகையில் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையைப் படிக்கிறாள். ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் தினமணி கதிரில் தொடராக வந்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று நூலாகி, 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தமிழில் ஒரு வாசகர் கடிதத்துக்கு இதைவிட நல்ல பதில் எழுதப்பட்டதாக நான் நினைக்கவில்லை.

எதிராளிகள் எழுப்பும் கூச்சல் ஒருவகை. சொந்த மக்களின் கோபம் வேறுவகை. அது அதிகம் வலிக்கும், அதற்குப் பதில் சொல்வதும் கடினம். பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தபோது அவருடைய ஊராரே கோபப்பட்டார்கள், சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பிற்பாடு அந்த ஊரே அதைத் தன் புத்தகமாக ஏற்றுக்கொண்டது.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994-இல் க்ரியா வெளியீடாக வந்தது. அம்பேத்கர் நூற்றாண்டு முடிந்து தலித் இலக்கியம் தன் குரலை உரக்க எழுப்பிக்கொண்டிருந்த நேரம். இந்த நாவலோ தலித் குடிகளுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணாத்தி ஆரோக்கியத்தின் கதை. களத்து நெல்லுக்கும் இரவுச் சோற்றுக்கும் அவள் கையேந்தி நிற்பது மேல்சாதியாரின் வாசலில் அல்ல. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே ஒடுக்குதலைக் காட்டினால் அது யாருக்கு ஆதாயம் என்று தலித் விமர்சகர்கள் கேட்டார்கள். ராஜ் கௌதமன் போன்றவர்கள் கடுமையாக எழுதினார்கள். மறுபக்கம் சுந்தர ராமசாமி இந்த நாவலைத் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடினார். முதல் நாவல் எழுதிய முப்பது வயது இளைஞனுக்கு இரண்டுமே ஆபத்துதான். என்னைக் கேட்டால் புகழ்ச்சியே பெரிய ஆபத்து.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. எதிர்த்தவர்கள் யாரும் ஆரோக்கியத்தின் வாழ்க்கை பொய் என்று நிரூபிக்க முனையவில்லை. இதை இப்போது சொல்லலாமா என்பதே அவர்களின் கேள்வி. அது அரசியல் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. ஆனால் நாவலாசிரியன் தன் பிரதியைத் திருத்தி அதற்கு விடை சொல்ல முடியாது. இமையம் ஒரு வரியும் மாற்றவில்லை. தலித் எழுத்தாளர் என்ற அடையாளச் சீட்டையும் வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவந்திருக்கிறார். பேட்டிகளில் அவர் காரமாகப் பேசுவது எல்லோருக்கும் தெரியும். அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, பொட்டுக்கட்டிவிடப்பட்ட பெண்ணைப் பற்றிய ‘செடல்’, சாதி மாறிக் காதலித்த மகளைக் கொல்லச் சொல்லி ஊர் நெருக்கும் தகப்பனைப் பற்றிய ‘பெத்தவன்’ என்று வரிசையாகப் படித்தால், 1994-இன் கேள்விக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டே வந்திருப்பது தெரியும். ‘செல்லாத பணம்’ நாவலுக்கு 2020-ஆம் ஆண்டின் அகாதெமி விருது கிடைத்தது. ‘கோவேறு கழுதைகள்’ பற்றிய விவாதம் இன்னும் தீரவில்லை. தீரவேண்டியதும் இல்லை.

விருத்தாசலத்துச் சூளைக்காரர்களைக் கேட்டால் ஒன்று சொல்வார்கள்: பச்சைப் பொம்மை காய்ந்து விரிசல் விட்டால் தண்ணீரில் ஊறப்போட்டு மறுபடி மண்ணாக்கிக்கொள்ளலாம், வெந்த பிறகு ஆகாது. அச்சுப் புத்தகமும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. இன்று மின்னூலும் ஓடிடியும் வெந்ததையும் மண்ணாக்குகின்றன. ‘ஜெய் பீம்’ படம் அதற்கு உதாரணம்.

1993-இல் விருத்தாசலத்துக்கு அருகே கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்த முதனை ராஜாகண்ணுவின் மரணமும், வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு நடத்திய வழக்கும்தான் படத்தின் கரு. 2021 நவம்பர் 2 அன்று அமேசான் பிரைமில் வெளியானது. காவல் அதிகாரியின் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரில் வன்னியர் சங்கச் சின்னமான அக்னிக் கலசம் இருந்தது. உண்மை வழக்கின் அதிகாரிக்குப் படத்தில் வைத்த பெயரும் சேர்ந்துகொள்ள, வன்னியர்களை இழிவுபடுத்துவதாகக் கண்டனம் கிளம்பியது. வன்னியர் சங்கம் 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. சமூக ஊடகத்தில் இரு தரப்பும் ஹேஷ்டேக்குடன் மோதின. படத்துக்கு வட்டார வழக்கைத் திருத்திக் கொடுத்த கண்மணி குணசேகரன், ‘எலி வேட்டை’ என்று சொல்லித்தான் தன்னை அணுகினார்கள் என்று எழுதி, வாங்கிய 50,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். ராஜாகண்ணு குறவர், படத்தில் ஏன் இருளர் என்ற கேள்வியும் எழுந்தது. அது இரைச்சலில் அமுங்கிப்போனது. எனக்கு அந்தக் கேள்விதான் காலண்டரைவிட முக்கியமாகப் படுகிறது.

இயக்குநர் த.செ. ஞானவேல் செய்தது கவனத்துக்குரியது. காலண்டர் காட்சி மாற்றப்பட்டது. நவம்பர் 21 அன்று அவர் அறிக்கை வெளியிட்டு, உள்நோக்கம் இல்லை, மனம் புண்பட்டவர்களிடம் வருந்துகிறேன், பொறுப்பு என்னுடையது, படத்தின் நாயகனும் தயாரிப்பாளருமான சூர்யாவை இழுப்பது முறையல்ல என்றார். படத்தின் மையமான காவல் கொடுமையிலிருந்து ஒரு சட்டகமும் நகரவில்லை. பிழையோ பிழைபோலத் தெரிவதோ இருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதில் ஊன்றி நிற்பது நல்ல வழி என்றே சொல்வேன். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. மாற்றுவது இவ்வளவு சுலபம் என்றால் அடுத்த கூட்டம் காலண்டரோடு நிற்குமா?

வெளிநாட்டில் அது நடந்தே விட்டது. அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட் 2023 ஜூனில் ரஷ்யாவைக் களமாகக் கொண்ட ஒரு நாவலை அறிவித்தார். உக்ரைன் போர் நடக்கும்போது இதுவா என்று கேட்டு, வெளிவராத அந்தப் புத்தகத்துக்கு குட்ரீட்ஸில் ஒற்றை நட்சத்திரங்கள் குவிந்தன. சில நாள்களிலேயே அவர் வெளியீட்டை நிறுத்திவைத்தார். யாரும் படிக்காத நூலுக்கு விமர்சனம் வந்து, அதை ஆசிரியரும் ஏற்றுக்கொண்ட அதிசயம் அது. மறுகோடியில் எழுத்தாளர் கேத்லீன் ஹேல். தன்னை மோசமாக மதிப்பிட்ட வாசகரைத் தேடி வீட்டு வாசல்வரை போய், 2014-இல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். இன்று அவர் பெயரைச் சொன்னால் பலருக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வருகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் சொல்லுக்குச் சொல். மிரட்டல் வேறு. குமுதத்தில் சுஜாதாவின் ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ எதிர்ப்பால் பாதியில் நின்று, பின்னால் ‘ரத்தம் ஒரே நிறம்’ என்ற பெயரில் மறுபடி தொடங்கியது. 2002-இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ வந்தபோது கவிதையை விட்டுவிட்டு எழுதியவரின் உடலைப் பற்றிப் பேசினார்கள். பெண் எழுதினால் மிரட்டலுக்கு எப்போதும் இந்த உருவம் உண்டு. ‘அதற்கெல்லாம் பதில் சொல்லாதே’ என்று அவர்களுக்கு அறிவுரை கூறுவது கூட இருப்பவர்கள் கைகழுவும் வழியாகவே பலமுறை முடிந்திருக்கிறது.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வந்தது. நான்கு ஆண்டுகள் எந்தப் பிரச்சினையும் இல்லை. 2014 டிசம்பரில் சில பக்கங்களை நகலெடுத்துத் திருச்செங்கோட்டில் விநியோகித்தார்கள். அந்தப் பக்கங்களை மட்டும் படித்தவர்கள் நாவலின் வாசகர்கள் அல்லர். அவர்களுக்கு நாவலாசிரியர் எந்தப் பக்கத்தைக் காட்டி விளக்குவார்? 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் ‘சமாதானப் பேச்சு’ நடந்தது. அதன் பிறகு எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவர் முகநூலில் அறிவித்தார். அதைக் கோழைத்தனம் என்றவர்கள் உண்டு. மேடையிலும் முகநூலிலும் இருந்தவர்களுக்கு அது எளிது. அவருக்கு அந்த ஊரில் வீடும் வேலையும் இருந்தன.

அவருக்காகப் பதில் சொன்னவர்கள் வேறு ஆட்கள். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன் உயர் நீதிமன்றம் போனார். 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு தீர்ப்பளித்தது. அந்தச் சமாதான உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது, பிடிக்காத புத்தகத்தை மூடி வைத்துவிடலாம், எழுத்தாளர் மீண்டும் எழுதவேண்டும் என்றது. அதே ஆண்டிலேயே ‘கோழையின் பாடல்கள்’, ‘பூனாச்சி’ இரண்டும் வந்தன.

ஆகவே பதிப்பாளர்களுக்கும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ராயல்டி விகிதத்தை எழுதும் ஒப்பந்தத்திலேயே, புத்தகத்தால் வழக்கோ மிரட்டலோ வந்தால் சட்டச் செலவு யாருடையது, அறிக்கை விடுவது யார் என்பதையும் எழுதுங்கள். மாவட்டத்துக்கு ஒரு வழக்கறிஞரையாவது முன்கூட்டியே பேசி வையுங்கள். ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுத்தாளரைத் தனியாக அனுப்பாதீர்கள். விமர்சனத்துக்குப் பதிலை அவர் அடுத்த புத்தகத்தில் பார்த்துக்கொள்வார்.